டப்பாவில் வைத்த கைபேசி

அன்று நான் பேசியதற்கான குறிப்புத்தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒரே பக்கம், ஏழு குறிப்புகள். அவற்றில் ஆறு இன்றும் சரியானவை. ஏழாவதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நான் ரேடார் தயாரிக்கும் அரசு நிறுவனம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொறியாளனாக இருந்தவன். நுண்ணலைகள் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவன். ஓய்வுக்குப் பின் நானும் என் மனைவியும் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில், அவளுடைய பெற்றோர் வீடு இருந்த இடத்தில் எழுந்த அடுக்ககத்தின் முதல் தளத்தில் வசித்தோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் அதிகம் பேசுகிறவனும் இல்லை. ஆகவே எங்கள் வீட்டில் பேச்சு என்பது பெரும்பாலும் அவளுக்கும் வேலூரில் இருக்கும் அவள் தங்கைக்கும் இடையே கைபேசியில் நடப்பது. காலையில் ஒரு முறை, மாலை ஜெபத்துக்கு முன் ஒரு முறை.

கைபேசிக் கதிர்வீச்சால் மூளையில் கட்டி வரும் என்ற செய்தி அவளுக்குக் கைபேசியிலேயே வந்தது. அனுப்பியவள் தங்கை. அன்று முதல் அவள் கைபேசியைக் காதில் வைப்பதை நிறுத்தினாள். சாப்பாட்டு மேசையில் வைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, ஓர் அடி தள்ளி உட்கார்ந்து பேசினாள். பேசாத நேரத்தில் அதை எங்கே வைக்கிறாள் என்பது எனக்குச் சில நாள் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை சிவாஜிநகர் மார்க்கெட்டில் இறைச்சிக் கடை முன் நின்றுகொண்டு, எவ்வளவு வாங்குவது என்று கேட்க அவளை ஐந்தாறு முறை அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகவே ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. வீட்டுக்கு வந்தபோது அவள் அடுக்களையில் இருந்தாள்.

“இத்தனை தடவை கூப்பிட்டேனே. போன் எங்க?”

“டப்பாவுல.”

“எந்த டப்பாவுல?”

“முறுக்கு டப்பாவுல. முறுக்கு தீந்துபோச்சுங்க, பயப்படாதீங்க.”

குளிர்பெட்டியின் மேலிருந்த எவர்சில்வர் டப்பாவை இறக்கி மூடியைத் திறந்தாள். உள்ளே பழைய பருத்திப் புடவைத் துண்டொன்றில் சுற்றிக் கைபேசி கிடந்தது. திறந்த கணத்தில் நான் அழைத்ததற்கான அறிவிப்புகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து விழும் ஓசை கேட்டது.

நான் சிரித்தேன். அதில் குற்றமில்லை. யாரும் சிரித்திருப்பார்கள். சிரித்தபின், உலோகப் பெட்டிக்குள் வைத்த கைபேசி கோபுரத்தைத் தேடித் தன் முழுத் திறனையும் செலவழிக்கும் என்றும், அதனால் மின்கலம் வடிவதைத் தவிர வேறு பயனில்லை என்றும் விளக்கினேன். அவள் இறைச்சியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

“அப்ப காதுல வெச்சா ஒண்ணும் ஆகாதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?”

“ஆகும்ங்கறதுக்குச் சான்று இல்ல.”

“நான் அதைக் கேக்கல. உங்க கம்பெனிக்குக் குடும்ப நாளுக்குக் கூட்டிட்டுப் போனீங்களே, ஞாபகம் இருக்கா? தரையில சிவப்புக் கோடு போட்டிருந்துச்சு. தெரியாம நான் ஒரு கால் எடுத்து வெச்சதுக்கு என் கையப் புடிச்சு அந்த இழு இழுத்தீங்க. வளையல் ஒடஞ்சுபோச்சு.”

“அது ரேடார். சக்தியே வேற.”

“அன்னிக்கி லீவு. மெஷின் ஆஃப்லதான இருந்துச்சு?”

“ஆஃப்லதான் இருந்தது.”

“அப்புறம் எதுக்கு இழுத்தீங்க?”

“அது ஒரு ஒழுங்கு.”

“இதுவும் ஒரு ஒழுங்குதான். நகருங்க, தண்ணி தெறிக்கும்.”

பணியில் இருந்தவரை அலைபரப்பியின் முன் யாரும் நிற்கக்கூடாது என்ற விதியை ஒரு நாளும் மீறியதில்லை. அந்தக் கோட்டைத் தாண்டியவனுக்கு இன்ன நோய் வந்தது என்று ஒருவரும் எனக்கு நிறுவிக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. செலவில்லாத எச்சரிக்கைக்குச் சான்று தேவையில்லை என்பது எங்கள் தொழிலின் பொது அறிவு. அதே சலுகையை ஒரு மேசையிலிருந்து ஓர் அடி தள்ளி உட்கார விரும்பியவளுக்கு நான் தரவில்லை.

சில மாதங்களுக்குப் பின் எங்கள் தமிழ்த் திருச்சபையில் ஒரு பிரச்சினை எழுந்தது. ஆலய மண்டபத்தின் கூரைமேல் கைபேசிக் கோபுரம் அமைக்க ஒரு நிறுவனம் அனுமதி கேட்டது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அந்தக் கூரையின் கீழ்தான் உட்காருகிறார்கள் என்று சபைப் பெண்களின் சங்கமான பெண்கள் ஐக்கியம் சபைக் குழுவுக்கு ஆட்சேபக் கடிதம் கொடுத்தது. குழுவின் செயலாளர் அக்கடிதத்துடன் என் வீட்டுக்கு வந்தார்.

“சார், நம்ம சபையிலயே டாக்டரேட் வெச்சுக்கிட்டு வெளியே ஆளைத் தேடுவானேன்? ஆராதனை முடிஞ்சதும் நீங்களே ஒரு அரை மணி நேரம் பேசிடுங்க. லேடீஸ் கொஞ்சம் பயந்திருக்காங்க, அவ்வளவுதான்.” பிறகு கடிதத்தை என்னிடம் நீட்டி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, “மூணாவது கையெழுத்தைப் பாருங்க” என்றார்.

மூன்றாவது கையெழுத்து என் மனைவியுடையது.

அவர் போனபின் அவளைக் கேட்டேன். “எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன்” என்றாள். “உங்களக் கேட்டுட்டுப் போட்டிருக்கணுமோ?” என்று சேர்த்தாள். அது கேலியா, உண்மையான கேள்வியா என்று எனக்குப் புரியவில்லை. நான் செய்தித்தாளை எடுத்துக்கொண்டேன்.

மண்டபத்தில் அன்று நல்ல கூட்டம். பெண்கள் ஆராதனையில் போட்ட முக்காட்டை இன்னும் எடுக்காமல் காபிக் குவளைகளுடன் முன்வரிசைகளில் இருந்தார்கள். நான் தெளிவாகப் பேசினேன் என்று நினைக்கிறேன். இவ்வலைகள் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் வகையைச் சேர்ந்தவை அல்ல என்றேன். தூரம் இருமடங்கானால் வலிமை நான்கில் ஒன்றாகும் என்பதால், உயரத்தில் இருக்கும் கோபுரத்தைவிடக் கையிலிருக்கும் கருவியே நம் உடலுக்கு அதிகம் அனுப்புகிறது என்றேன். புற்றுநோய்க் காரணிகளை வகைப்படுத்தும் உலக அறிஞர் குழு இவ்வலைகளை ‘ஒருவேளை காரணமாகலாம்’ என்ற வரிசையில் வைத்திருக்கிறது. அதன் பொருள் ஆபத்து உறுதி என்பதும் அல்ல, ஆபத்து இல்லை என்பதும் அல்ல என்றேன். இப்படி ஆறு குறிப்புகள்.

பிறகு ஏழாவது.

“அந்த வரிசையில் ஊறுகாயும் இருக்கிறது. என் வீட்டில் ஒருவர் கைபேசியை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடிவிட்டு, நிம்மதியாக ஊறுகாய் தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறார்.”

மண்டபம் அதிர்ந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர், “சிஸ்டர், டப்பாவை மாத்தித் திறந்துடாதீங்க! ஹலோன்னா தொக்குதான் பேசும்!” என்று குரல் கொடுத்தார். சிரிப்பு இன்னும் பெருகியது. அவளும் சிரித்தாள். முக்காட்டின் ஓரத்தை இழுத்து வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கடிதத்தில் முதல் கையெழுத்திட்ட அம்மாள் மட்டும் சிரிக்காமல் அவளைத் திரும்பிப் பார்த்தார். கடிதம் அன்றே செத்துவிட்டது. அதை மறுபடி யாரும் எடுக்கவில்லை.

நடந்தே வீடு திரும்பினோம். “நல்லாப் பேசினீங்க” என்றாள்.

இதை நான் நெடுங்காலம் மேடையில் தற்செயலாக வாயில் வந்த நகைச்சுவை என்றே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். குறிப்புத்தாள் அதை மறுக்கிறது. ஏழாம் எண்ணுக்கு எதிரே, ‘டப்பா - ஊறுகாய்’ என்று எழுதி, கீழே இரட்டைக் கோடு இட்டிருக்கிறேன். முந்தைய நாளே யோசித்து எழுதியது. அவள் கையெழுத்துக்கு நான் அளித்த பதில் அது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மண்டபத்தில் எல்லாரும் கோபுரத்தைக் கண்டு அஞ்சினார்கள். காதோடு ஒட்டிய கைபேசியைப் பற்றி யோசித்தவள் அவள் ஒருத்திதான். நான் விளக்கிய பௌதிகத்தின்படியே, அங்கிருந்தவர்களில் சரியான இடத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டவள் அவள்தான். டப்பா தவறு, கேள்வி தவறல்ல. இந்த வேறுபாட்டை விளக்க எனக்கு இரண்டு நிமிடம் போதுமாயிருந்திருக்கும்.

அடுத்த வாரம் அந்த டப்பாவில் முறுக்கு இருந்தது. நான் எடுத்துத் தின்றேன்.

ஒலிபெருக்கி மட்டும் சிறிது காலம் தொடர்ந்தது. அதையும் நானே நிறுத்தினேன். காலையில் நான் செய்தித்தாள் படிக்கும் நேரமும் வேலூர்த் தங்கை அழைக்கும் நேரமும் ஒன்று. அங்கே தண்ணீர் வராதது, பக்கத்து வீட்டுக் கல்யாணம், முட்டிவலி எல்லாம் எங்கள் கூடத்தை நிறைக்கும். ஒரு நாள் செய்தித்தாளைத் தாழ்த்தாமலே, “தயவுசெய்து காதில் வைத்துப் பேசு” என்றேன். வீட்டில் நாங்கள் பேசும் தமிழில் அல்ல. இப்படியே, எழுத்துத் தமிழில் சொன்னேன். கோபத்தை மறைக்க நான் கையாளும் வழி அது. அவளுக்கு அது தெரியும். கைபேசியை எடுத்து வலது காதில் வைத்துக்கொண்டு, “ம், சொல்லுடீ” என்றாள். அதன்பின் எப்போதும் வலது காதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏறத்தாழ ஓராண்டு கழித்து ஒரு காலை, காபி குடிக்கும்போது அவள் வாயின் வலது ஓரத்திலிருந்து காபி வழிந்தது. துடைத்தாள், மறுபடி வழிந்தது. வலது கண் முழுதாக மூடவில்லை. பக்கவாதம் என்று எண்ணி ஆட்டோவில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். மருத்துவர் இளம்பெண். என் மனைவியின் முகத்தைத் திருப்பி, காதின் கீழே விரலை வைத்ததும் அந்த விரல் அங்கேயே நின்றது. எத்தனை நாளாக இருக்கிறது என்று கன்னடத்தில் கேட்டார்.

“எஷ்டு தின ஆய்த்தும்மா?”

என் மனைவி மருத்துவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“ஸ்வல்ப தின” என்றாள். கொஞ்ச நாளாக.

காதின் கீழுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியில் கட்டி. புற்று. முகத்தின் நரம்பைப் பற்றியிருந்தது. அறுவை செய்தார்கள்; பிறகு கதிர்வீச்சுச் சிகிச்சை. அந்தச் சொல்லை மருத்துவமனைப் பலகையில் பார்த்தபோது அவள், வளைந்த வாயால், “இதுக்கும் கோடு போட்டிருப்பாங்களா?” என்று கேட்டாள். போட்டிருந்தார்கள். அவளை உள்ளே படுக்கவைத்துவிட்டு மற்ற எல்லாரும் கதவுக்கு வெளியே போனார்கள். நானும் போனேன்.

பதினோரு மாதங்கள் இருந்தாள்.

இடையில் ஒரு நாள் மருத்துவரைத் தனியே சந்தித்து, கைபேசியால் வந்திருக்குமா என்று கேட்டேன். “சொல்ல முடியாது சார். ஆம்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. கைபேசியே இல்லாத காலத்துலயும் இந்தக் கட்டி வந்திருக்கு” என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் மண்டபத்தில் சொன்னதும் அதுவே. சிறிது தயங்கி, “கட்டி சின்னதா இருக்கும்போதே வந்திருந்தா நரம்பைக் காப்பாத்தியிருக்கலாம். ஒருவேளை இன்னும் நல்லா இருந்திருக்கும்” என்றார். இங்கும் ஒரு ‘ஒருவேளை’. இதற்கு மட்டும் எனக்கு ஊறுகாய் நினைவுக்கு வரவில்லை.

கட்டியை நான் எப்படிக் காணாமல் இருந்தேன் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. அவளோடு ஒரே வீட்டில், ஒரே மேசையில் இருந்தவன். அவள் போனபின் மூன்றாம் வாரம் தங்கை புடவைகளைப் பிரித்துக் கொடுக்க வேலூரிலிருந்து வந்தாள். என்னை மாமா என்று அழைப்பவள். அக்காளைவிட எட்டு வயது இளையவள். என்னிடம் எப்போதும் அளந்தே பேசுவாள். கட்டில்மேல் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தவளிடம், “உனக்கு முன்னாலயே தெரியுமா?” என்று கேட்டேன். எதைப் பற்றி என்று அவள் கேட்கவில்லை.

“தெரியும் மாமா.”

“எப்பலேர்ந்து?”

“புனித வெள்ளிக்கு முன்னாடியே சொன்னா. புளியங்கொட்டை மாதிரி கையில நெருடுதுன்னா.”

காபி வழிந்த காலை நவம்பரில். நான் மனத்தில் மாதங்களை எண்ணுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டாக்டர்கிட்ட போகச் சொல்லலியா?”

“தெனம் சொன்னேன். மொதல்ல மாமாகிட்ட சொல்லுடீன்னேன். மாட்டேன்னுட்டா.”

“ஏன்?”

அவள் ஒரு புடவையை மடித்து முடித்தாள்.

“வேணாம் மாமா.”

“சொல்லு.”

“‘காதுகிட்ட கட்டின்னு சொன்னா போனால வந்துச்சுன்னு பயப்படறேன்னு நெனைப்பாரு. அடுத்த மீட்டிங்ல டப்பாவோட இதையும் சேத்துச் சொல்லுவாரு’ன்னா.” பிறகு அவசரமாக, “சிரிச்சிக்கிட்டுத்தான் மாமா சொன்னா. கோவமாச் சொல்லல” என்றாள்.

அவள் எனக்கு ஆறுதலாகத்தான் அதைச் சேர்த்தாள்.

“எப்படி மறைச்சா?”

“முக்காடுதான்.”

மாலை ஜெபத்துக்கு அவள் புடவைத் தலைப்பால் தலையை மூடிக்கொள்வது வழக்கம். எங்கள் பெண்கள் எல்லாரும் செய்வது. அந்த மாதங்களில் ஜெபம் முடிந்தும் அவள் அதை எடுப்பதில்லை. காலையிலும் போட்டுக்கொண்டாள். குளிருகிறது என்றாள், பெங்களூரில் அதை யாரும் நம்புவார்கள். அவளுக்குப் பக்தி கூடிவிட்டது என்று நான் எண்ணினேன். எண்ணியதோடு, சிறிது எரிச்சலும் பட்டேன்.

ஆகவே, கைபேசி அவளைக் கொன்றதா என்ற கேள்வி என்னை வாட்டவில்லை. அதற்கு விடை யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் அறிந்தது வேறு. என் மனைவி தன் உடலில் ஒரு கட்டியைத் தொட்டு உணர்ந்தாள். அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் நான் இருந்தேன். என் கேலிக்கு அஞ்சி அவள் ஏழெட்டு மாதம் வாயை மூடிக்கொண்டாள். நான் சொன்ன ஆறு குறிப்புகளும் சரியானவை என்பது இதில் எதையும் மாற்றவில்லை.

இந்த ஆண்டு சபைச் செயலாளர் மறுபடி வந்தார். கோபுரம் பழகிப்போயிற்று, இப்போது பெண்கள் ஐக்கியத்தின் கவலை, நாள் முழுதும் கைபேசியோடு கிடக்கும் பேரப்பிள்ளைகளைப் பற்றியது. “போன தடவை மாதிரியே கொஞ்சம் ஜாலியா, சார்” என்றார். நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டியவன். வருகிறேன் என்றேன்.

அதே மண்டபம், அதே முன்வரிசைகள். இம்முறை தாளில் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. ஆபத்து நிறுவப்படவில்லை, முற்றாக விலக்கப்படவும் இல்லை என்பதை அப்படியே சொன்னேன். பிறகு, அன்று இரண்டு நிமிடத்தில் சொல்லியிருக்கக்கூடியதைச் சொன்னேன். நீண்ட பேச்சென்றால் ஒலிபெருக்கியில் பேசுங்கள், அல்லது கம்பியுள்ள இயர்போனில். சிக்னல் ஒரே கோடாக இருக்கும் இடத்தில் பேச வேண்டாம். அங்கேதான் கைபேசி அதிகம் உழைக்கிறது. தலையணைக்கடியில் வைக்க வேண்டாம். பிள்ளைகள் கையில் குறைந்த நேரம். டப்பா தேவையில்லை; ஓர் அடி தூரம் போதும்.

டப்பா என்ற சொல் வந்ததும் சிலர் நிமிர்ந்தார்கள். பின்வரிசையில் ஒருவர் சிரிக்க ஆயத்தமானது தெரிந்தது.

“சென்ற முறை இங்கே நான் என் மனைவியைப் பற்றி ஒன்று சொன்னேன்” என்றேன். “நீங்கள் சிரித்தீர்கள். நீங்கள் சிரிக்க வேண்டும் என்றே சொன்னேன். அவள் இந்த மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அதை நான் சொல்லியிருக்கக் கூடாது.”

செயலாளர் எழுந்து நன்றி சொல்ல வாயெடுத்தார். அப்போது இரண்டாம் வரிசையில் ஓர் அம்மாள் கையைத் தூக்கினார். அந்தக் கடிதத்தில் முதல் கையெழுத்திட்டவர்.

“சார், ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுன்றீங்க. சரி. எங்க வீட்டுக்காரரு டிவி பாக்கறப்போ ஸ்பீக்கர் போட்டா, ‘ஊருக்கே கேக்கணுமா, காதுல வைடீ’ன்னு கத்துறாரே. அதுக்கு என்ன பண்றது?”

பெண்கள் மெல்லச் சிரித்தார்கள். இது வேறு சிரிப்பு.

“நானும் அப்படித்தாம்மா சொன்னேன்” என்றேன். “அவரை என்னை வந்து பாக்கச் சொல்லுங்க.”

அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப்பின் அந்த அம்மாளின் கணவர் வந்தார். கனத்த உடல், கூச்சம். “நீங்க வரச் சொன்னீங்கன்னு வீட்ல ஒரே நச்சு, சார்” என்றார். மரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். அவர் அறிவியல் எதிர்பார்த்து வந்திருந்தார். நான் செய்தித்தாளிலிருந்து தொடங்கினேன். புளியங்கொட்டைவரை சொன்னேன். முக்காட்டைச் சொன்னபோது அவர் திரும்பி, மண்டப வாசலில் காத்து நின்ற தம் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் தலைப்பைத் தலைமேல் இழுத்து விட்டுக்கொண்டு, வெயிலில் நின்றிருந்தார்.

அவர் எழுந்து தம் மனைவியிடம் போனார். நான் நாற்காலிகளை எடுத்து உள்ளே வைத்தேன்.